ஆசிமோட்டோ தைராய்டழற்சியில் உணவும் வாழ்முறையும்

ஆசிமோட்டோ தைராய்டழற்சி (ஹாஷிமோட்டோ நோய்) என்பது உடலின் நோயெதிர்ப்பு முறைமை தன் தைராய்டுச் சுரப்பியையே தாக்கிச் சிதைப்பதால் உண்டாகும் நாட்பட்ட நோய் ஆகும். அயோடின் போதிய அளவு கிடைக்கும் நாடுகளில் தைராய்டுச் சுரப்புக் குறைவுக்கு இதுவே முதன்மையான காரணம். ஆண்களைவிடப் பெண்களிடம் இது பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு, கழுத்து வீக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். உணவும் வாழ்முறையும் நோயாளரின் நலம் பேணத் துணைபுரிகின்றன. எனினும் குறைந்துபோன இயக்குநீரை (ஹார்மோனை) ஈடுசெய்யும் மாத்திரைக்கு அவை மாற்றாகா.

வரலாறு

சப்பானிய மருத்துவர் அக்காரு ஆசிமோட்டோ 1912ஆம் ஆண்டில் நான்கு பெண்களின் தைராய்டுச் சுரப்பியில் கண்ட மாற்றங்களைச் செருமானிய மருத்துவ இதழொன்றில் விளக்கினார். அவர் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. நோயாளரின் குருதியில் தைராய்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதை 1956இல் இங்கிலாந்தில் ஐவன் ரோய்ட், டெபோரா டோனியாக், பீட்டர் கேம்பெல் ஆகியோர் கண்டறிந்தனர்.

இந்தியாவில் பரவல்

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், வயது வந்தோருள் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவு இருந்தது. தைராய்டு பெராக்சிடேசு என்னும் நொதிக்கு எதிரான பிறபொருளெதிரி ஏறத்தாழ 22 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. கடற்கரை நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் சுரப்புக் குறைவு சற்று மிகுதி.

அயோடினும் உப்பும்

தைராய்டு இயக்குநீர் உருவாக அயோடின் தேவை. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. இந்தியாவில் 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அயோடின் சேராத உப்பை உண்பதற்காக விற்பது 2006 மே 17 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. நுகர்வோரை அடையும் உப்பில் பத்து இலட்சம் பங்குக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருத்தல் வேண்டும். அவ்வாறான உப்பு 5 கிராமில் 75 மைக்ரோகிராம் அயோடினே கிடைக்கும்.

அயோடின் குறைந்தால் கழலை உண்டாகிறது; அளவுக்கு மிஞ்சினால் தன்னெதிர்ப்பு அழற்சி கூடுகிறது. சீனாவின் மூன்று பகுதிகளில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, அயோடின் மிகுந்த பகுதிகளில் இந்நோய் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. இதனைக் கொண்டு அயோடின் உப்பை அறவே விலக்கி, இந்துப்புக்கோ சாதாரணக் கல்லுப்புக்கோ மாறுவது பொருந்தாது. அதனால் நோய் நீங்காது; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் அயோடின் குறைவு நேரும். தவிர்க்கப்பட வேண்டியவை மருத்துவர் கூறாத அயோடின் மாத்திரைகள், கடற்பாசிப் பொடிகள் போன்றவையே. பழுப்புக் கடற்பாசி சிலவற்றில் அன்றாடத் தேவையைவிடப் பன்மடங்கு அயோடின் உண்டு.

கடலோர ஊர்களின் உணவு

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரியை அடுத்த அனுப்பம்பட்டு, பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்கள் முதலிய இடங்களில் மீன், இறால், நண்டு ஆகியன எளிதில் கிடைக்கும் உணவுகள். கடல் மீனிலும் இறாலிலும் அயோடின், செலீனியம், புரதம் ஆகியன உள்ளன. வழக்கமான அளவில் இவற்றை உண்பதற்கு இந்நோய் தடையன்று. கருவாடு இதிலிருந்து வேறுபட்டது. உணவைப் பதப்படுத்தும் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமில்லை. ஆகவே கருவாட்டு உப்பை அயோடின் உப்பாகக் கருத இயலாது. அதில் சோடியம் மிகுதி என்பதால் குருதி அழுத்தம் உள்ளோர் அளவாகவே உண்ண வேண்டும்.

முட்டைக்கோசு, பூக்கோசு, மரவள்ளிக் கிழங்கு, கம்பு ஆகியவற்றில் தைராய்டின் பணியைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. அயோடின் குறைந்த இடங்களில் இவற்றையே முதன்மை உணவாகக் கொண்டால் சிக்கல் எழும். நன்கு வேகவைத்துப் பிற உணவோடு அளவாக உண்டால் தீங்கில்லை. கோதுமையில் உள்ள குளூட்டனை விலக்குவது, குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயும் உடன் உள்ளோருக்கு மட்டுமே கட்டாயம். செலீனியம் பிறபொருளெதிரியின் அளவைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறினாலும், அதனால் நோயாளர் குணமடைவதாக நிறுவப்படவில்லை.

மாத்திரையும் உணவு நேரமும்

சுரப்புக் குறைந்தோருக்கு லெவோதைராக்சின் மாத்திரை அளிக்கப்படுகிறது. இதனை வெறும் வயிற்றில் தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். உடனே காப்பி குடித்தால் மருந்து முழுமையாக உட்கவரப்படாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. விடியலுக்கு முன்பே தொழிலுக்குச் செல்வோரும் நோன்பிருப்போரும், மருத்துவரிடம் கேட்டு, இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்து உட்கொள்ளலாம். எந்நேரமாயினும் நாள்தோறும் ஒரே முறையைப் பின்பற்றுவது முதன்மையானது. அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரங்களில் தைராய்டு தூண்டும் இயக்குநீரின் (டி.எசு.எச்.) அளவு சோதிக்கப்படும். களைப்பு நீங்கியதும் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அறிகுறிகள் திரும்பும்.

கருவுற்ற காலம்

கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு இயக்குநீர் இன்றியமையாதது. முதல் மாதங்களில் குழந்தை தாயையே முற்றிலும் சார்ந்துள்ளது. எனவே கருவுற்றதை அறிந்தவுடன் மருத்துவரை அணுகுதல் வேண்டும். பெரும்பாலோருக்கு மருந்தின் அளவு கூட்டப்படுகிறது. இக்காலத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் வழங்கப்படுவதால் மேற்கூறிய நான்கு மணி நேர இடைவெளி மிகவும் தேவை.

வாழ்முறை

நாள்தோறும் நடத்தல் முதலிய உடற்பயிற்சி எடையையும் கொழுப்பையும் கட்டுப்படுத்த உதவும். நார்ச்சத்துள்ள கீரை, காய், பயறு ஆகியன மலச்சிக்கலைக் குறைக்கும். போதிய உறக்கம் களைப்பைத் தணிக்கும். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும் களைப்பு நீடித்தால் குருதிச்சோகை, உயிர்ச்சத்து பி12 குறைவு போன்ற பிற காரணங்களையும் ஆராய வேண்டும்.