மொழியும் மண்ணும்: மலாக்காவிலிருந்து ஒரு நோக்கு

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் ‘நான் எம்மண்ணுக்கு உரியவன்?’ என்னும் வினா எழும்போது, விடை பெரும்பாலும் மொழியிலேயே தேடப்படுகிறது. தமிழ் மறந்த பிள்ளை தன்னையே இழந்தவனாகச் சித்திரிக்கப்படுகிறான். இவ்வெடுகோளுக்கு மலாக்கா வரலாறு எளிதில் இடங்கொடுப்பதில்லை.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், நைனா சத்து என்னும் தமிழ் வணிகரைப் பெண்டகாரா பதவியில் அமர்த்தினர். அக்கால வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து பெருகிய குடியினரே காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள். அவர்தம் வீட்டுமொழி மலாய்; மகளிரின் மரபுடை கெபாயாவும் சாரோங்கும். எனினும் பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பெயர்கள் நீங்கவில்லை. 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் அவர்களுடையது. மாரியம்மனுக்கு எடுக்கும் விழாவை ‘டத்தோ சாச்சார்’ என்பர். சாச்சார் என்பது பெரியம்மைக்குரிய மலாய்ச் சொல். ஊரில் அம்மை போட்டது என்போர் நாம். அவர்களும் அதே நோயைக் கொண்டே அத்தெய்வத்தை அறிகின்றனர். மொழி போயிற்று, உண்மைதான். ஆனால் அவர்கள் பேசும் மலாயிலேயே கடை ‘கெடாய்’ எனவும் கப்பல் ‘காபால்’ எனவும் வழங்குவதை மறத்தல் ஆகாது.

தோட்டத் தமிழரின் கதை வேறு. 1890களில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கிலும் புக்கிட் அசகானிலும் ரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஊர் ஊராக ஆள் திரட்டி வந்தனர். லயமும் தோட்டப் பள்ளியும் தமிழைக் காத்தன. நிலம் மட்டும் துரைக்கே உரியதாயிற்று. கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’ நாவலில் தந்தை இறுதியில் மன்றாடுவது சொல்லுக்காக அன்று, ஒரு துண்டு நிலத்துக்காக. கெடாவில் நிகழும் கதையாயினும் மலாக்காத் தோட்டத்தார்க்கும் அது பொருந்தும்.

இங்கு ஒரு குறை சொல்ல வேண்டியுள்ளது. தோட்டத்தார் ரப்பரைக் ‘கித்தா’ என்பர்; மலாய்க் கிராமத்தைக் ‘கம்பம்’ என்பர். தூய்மை கருதி இவற்றை நீக்கிக் கதைகளைத் திருத்துவோர் உளர். தமிழகத்துத் தொல்காப்பியமே திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடமளித்தது. மலாயிலிருந்து வந்து தமிழ் ஒலியமைப்பை ஏற்ற ‘கித்தா’, அதைப் பேசியவர் இம்மண்ணில் ஊன்றியதற்குச் சான்று. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறி, மக்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் அப்பாலும் பெயர்ந்துவிட்டனர். அச்சொல்லைச் சொல்ல லயங்களில் ஆளில்லாதபோது, அது எஞ்சியிருக்கும் இடம் அக்கதைகளே.