ஹிட்டி: அவளுடைய முதல் நூறு ஆண்டுகள்

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் ஃபீல்ட் எழுதி, டோரதி லாத்ரப்பின் ஓவியங்களுடன் 1929இல் வெளிவந்த சிறுவர் நாவல். 1930இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. அப்பதக்கத்தை வென்ற முதல் பெண் ஃபீல்ட். ஃபீல்டும் லாத்ரப்பும் நியூயார்க் பழம்பொருள் கடையொன்றில் சேர்ந்து வாங்கிய மரப்பாச்சியே கதைக்கு வித்து. மெய்ன் மாநிலத்தில் ஃபீபி என்ற சிறுமிக்காக ஒரு நாடோடி வியாபாரி செதுக்கிக் கொடுத்த ஹிட்டி என்ற பொம்மை, நூறு ஆண்டுகளில் தான் கண்டதையெல்லாம் தானே எழுதுவதாகக் கதை போகிறது.

ஹிட்டியால் நடக்க முடியாது. யார் எடுத்தாலும் அவர்களோடு போக வேண்டியதுதான். இந்த இயலாமைதான் நாவலைச் சமூக வரலாறாக்குகிறது. திமிங்கில வேட்டைக் கப்பல், பம்பாய்த் தெரு, ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் வீடு, நியூயார்க் செல்வர் இல்லம் என்று கை மாறும்போதெல்லாம் அவள் உடையும் மாறுகிறது. குவேக்கர் வீட்டில் அவளுக்கும் ஆடம்பரமில்லாத உடைதான். நியூயார்க்கில் நாகரிகப் பதுமையாகிறாள். சமயமும் செல்வமும் ஒரு வீட்டை எப்படி நடத்துகின்றன என்பதைக் குழந்தை அந்தத் துணியிலேயே படித்துவிடுகிறது.

பேசாமல் கிடக்கும் பொம்மை வரலாற்றின் காரணங்களைச் சொல்லாது அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், அடிமைமுறை ஏன் வந்தது, எப்படி ஒழிந்தது என்று ஹிட்டி விளக்குவதில்லை. ஆனால் அது ஒழிந்த பிறகும் எஞ்சியதை அவள் காட்டுகிறாள். நியூ ஆர்லியன்ஸ் பருத்திக் கண்காட்சியிலிருந்து திருடப்பட்ட ஹிட்டி, மிசிசிப்பி ஆற்றில் எறியப்பட்டு, கார்லைன் என்ற கறுப்பினச் சிறுமியிடம் சேர்கிறாள். தோட்ட முதலாளியின் மாளிகையில் நடக்கும் கிறிஸ்துமஸ் விருந்தில் ஹிட்டியை அடையாளம் கண்டதும் கார்லைனிடமிருந்து பொம்மை பறிபோகிறது. ஈடாக வேறொரு பொம்மை கிடைக்கிறது. கார்லைனின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. யார் சொல் செல்லும் என்பதை இதைவிடத் தெளிவாகப் பாடநூல் சொல்லிவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. ஹிட்டியின் கண் நடுநிலையானதன்று. அது நியூ இங்கிலாந்து வெள்ளையர் வீட்டில் பழகிய கண். தென்கடல் தீவு மக்கள் பொம்மையைத் தெய்வமாக்கும் காட்டுமிராண்டிகளாக வருகிறார்கள். கறுப்பினத்தவர் பேச்சு கொச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுக்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை, இவை தவறுகளே. 1999இல் ரோஸ்மேரி வெல்ஸ், சூசன் ஜெஃபர்ஸின் ஓவியங்களுடன் நாவலைச் சுருக்கித் திருத்தி எழுதினார். தனியே படிக்கும் சிறுவருக்கு அந்த வடிவம் தகும். பெரியவர் துணையோடு படிப்பவருக்கு 1929ஆம் ஆண்டு மூலமே கூடுதலாகக் கற்பிக்கும்: பத்தொன்பதாம் நூற்றாண்டோடு, அதைத் திரும்பிப் பார்த்த 1920களின் அமெரிக்காவும் அதில் பதிவாகியிருக்கிறது.