கப்பலிலிருந்து இறங்கிய கிராணி

பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கிராணி யாரென்று சொல்லத் தேவையில்லை. துரைக்கு அடுத்தபடி ஆபீசில் உட்கார்ந்தவர். வேலைக்கு வந்தவர் பெயர்களைப் பதியும் செக்ரோலைக் கையில் வைத்திருந்தவர். ஈப்போ அலுவலகங்களில் எழுத்தரை மலாய்க்காரர்கள் இன்றும் ‘கெரானி’ என்றுதான் பேச்சில் குறிப்பிடுகிறார்கள். அரசாங்கம் பதவிப் பெயரை மாற்றியும் அந்தச் சொல் போகவில்லை. ஆனால் அது தோட்டத்திலோ ஆபீசிலோ பிறந்ததன்று. கடல்வழி வந்தது.

14ஆம் நூற்றாண்டுப் பயணி இபன் பத்தூத்தா அரபுக் கரையில் ஒரு வழக்கத்தைக் கண்டார். கப்பல் வந்ததும் சுல்தானின் ஆட்கள் புத்தாடைகளோடு எதிர்கொண்டு போவார்கள். கப்பல் உடையவருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, கிராணிக்கும் ஒன்று. கிராணி என்பவர் கப்பலின் எழுத்தர் என்று அவரே விளக்கமும் தருகிறார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியிலும் கப்பல் பணியாளர் வரிசையில் கிராணி வருகிறார். அங்கே அவருக்கு இரண்டு வேலை: கப்பலின் கணக்கை எழுதுவது, பயணிகளுக்குத் தண்ணீர் வழங்குவது.

இந்த இரண்டாவது வேலையை நான் பெரிதாக எண்ணுகிறேன். நடுக்கடலில் குடிதண்ணீரைவிட விலைமதிப்புள்ள சரக்கு எது? அதைப் பங்கிடும் பொறுப்பு, கணக்கு எழுதும் கைக்கே போயிருக்கிறது.

ஐரோப்பியக் கப்பல்களில் கிராணிக்கு நெருங்கிய பதவி சூப்பர்கார்கோ. மாலுமி கப்பலைப் பார்த்துக்கொள்ள, இவர் சரக்கு முதலாளியின் ஆளாகக் கூடவே போய், துறைமுகத்தில் விற்று, திரும்புகாலுக்குப் புதுச் சரக்கு பிடிப்பார். அந்தச் சொல் நம் கரையில் வேரூன்றவில்லை.

கிராணியின் வேர் வடமொழி ‘கரண’ என்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதி காட்டும் வழி. அப்படியானால் பழந்தமிழ் அரசவையின் எண்பேராயத்தில் கணக்கெழுதிய கரணத்தியலவரும், தமிழ்நாட்டில் 1980இல் பதவி ஒழிக்கப்பட்ட கிராமக் கர்ணமும் இவருக்கு உறவு.

கிராணி தனியாகக் கரையேறவும் இல்லை. தூத்துக்குடித் தோணியை நடத்துகிறவர் தண்டல். அபுல் ஃபஸலின் வரிசையிலும் மாலுமிகளுக்குத் தலைவர் தண்டேல்தான். மலாயில் அதே சொல் ‘தண்டில்’ ஆகி, கூலியாட்களின் மேற்பார்வையாளரைக் குறித்தது. ஒரு சொல் மட்டும் வந்திருந்தால் தற்செயல் எனலாம். எழுதுகிறவர், வேலை வாங்குகிறவர் என்று இரண்டு பெயரும் கரையேறியிருப்பதால், கப்பலின் அதிகார அடுக்கே நிலத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னால் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பால்மரம் வெட்டினார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பெருமளவில் கிராணிகளானார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் போடுவதில் தொடங்கியது அவர்கள் நாள். மதியத்துக்குள் காண்டா என்ற தோள்கம்பில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்காரர்கள் பால் ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். வாளி தராசில் ஏறும். கிராணி எடையைச் சொல்லிப் புத்தகத்தில் குறிப்பார். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்க்க மெட்ரோலேக் கருவியை மிதக்கவிடுவார். அந்த எண்ணில்தான் சம்பளம் கூடும், குறையும். எதிரே நிற்கிறவருக்குப் பெரும்பாலும் எழுத்துத் தெரியாது. பேனா அசைவது மட்டும் தெரியும். கப்பலில் தண்ணீர் அளந்தவரின் அதிகாரம் இங்கே பாலில் வந்து நின்றது.

அதனால் கிராணியைப் பற்றித் தோட்டத்து நினைவு ஒரே மாதிரி இல்லை. எடையில் கைவைத்தவர் என்ற கசப்பும் உண்டு. ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவர், மணியார்டர் பாரம் நிரப்பித் தந்தவர் என்ற நன்றியும் உண்டு. நம் தோட்ட வரலாறுகள் துரையையும் கங்காணியையும் விரிவாகப் பேசுகின்றன. கிராணியைப் போகிறபோக்கில் தொட்டுச் செல்கின்றன. அது பெரிய குறை. தொழிலாளியின் பெயர் நாள்தோறும் எழுதப்பட்ட இடம் கிராணியின் செக்ரோல் ஒன்றுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களில், பழைய ஆபீஸ் அலமாரியில் அப்படியொரு புத்தகம் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். நம் பாட்டி எந்தெந்த நாள் வேலைக்கு இறங்கினாள், எந்த நாள் பேர் விழவில்லை என்பது அதில் இருக்கும்.