முதலில் தொடும் கைகள்: படையிலும் 108-லும்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து, டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் போன திருச்சிப் பையனுக்கு வைத்தியத்தின் பக்கமாகவே இருக்க இன்னும் வழிகள் உண்டு. திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் மூலமாக நர்சிங் அசிஸ்டன்ட் ஆகலாம். நர்சிங்கோ உயிர் அறிவியலோ படித்து 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் ஆகலாம். டாக்டரின் கைக்குப் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் இருவருக்கும் வேலை. ஆனால் அந்த வேலைக்கு ஒருவரைத் தயார்செய்ய ராணுவம் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதியைக்கூட நாம் 108-க்குக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாகச் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கிலும் தேறியிருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம் தேவை. எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடிந்தால் லக்னோவுக்கு ரயில். அங்கே இருக்கிறது ராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையம். அந்தப் படை 1943 ஏப்ரல் 3 அன்று உருவானது. பையன் அங்கே முதலில் சிப்பாய் ஆகிறான்: அணிவகுப்பு, துப்பாக்கி, விடியற்கால ஓட்டம். அப்புறம்தான் உடற்கூறு, ரத்தப்போக்கை நிறுத்துவது, முறிந்த எலும்புக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, ஊசி, வார்டு வேலை. 'எங்கே வலிக்கிறது' என்று இந்தியில் கேட்கவும் அங்கேதான் பழகுகிறான். 2022-இல் நான்காண்டு அக்னிவீர் முறை வந்தபோதும் நர்சிங் அசிஸ்டன்ட் சேர்க்கை நிரந்தரப் பணியாகவே வைக்கப்பட்டது. கைப்பழக்கம் முதிர நான்கு வருடம் போதாது என்பதே அதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. மருத்துவ உதவியாளருக்குச் சுமார் 50 நாள் பயிற்சி. வகுப்பு, மருத்துவமனை, வண்டி எல்லாம் அதற்குள் அடக்கம். பிறகு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் அவரும் 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் மட்டும். சந்தேகம் வந்தால் போனில் டாக்டரைக் கேட்கலாம்.

நோயாளி யார் என்பதில்தான் இரு வேலைகளும் வெகுதூரம் விலகுகின்றன. நர்சிங் அசிஸ்டன்ட் காப்பாற்றப் போகிறவன் நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்; இளைஞன், திடமானவன். பட்டாலியன் டாக்டரின் முதலுதவி நிலையம், பின்னாலிருக்கும் கள மருத்துவமனை, அதற்கும் பின்னால் பெரிய மருத்துவமனை என்று காயம்பட்டவனின் பாதை படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கிறது. சியாச்சின் காவல் நிலைகளில் அந்தப் பாதை அறுந்துபோகும். வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் வராது. நுரையீரலில் நீர் கோத்த ஜவானுக்கு ஆக்ஸிஜன் கொடுத்து, காற்றழுத்தப் பைக்குள் படுக்கவைத்து, கீழே இறக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நாயக் தீபக் சிங், பிகார் படைப்பிரிவோடு இருந்த நர்சிங் அசிஸ்டன்ட், தானே படுகாயமடைந்தும் முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து உயிர் துறந்தார். அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அதே மோதலில்தான் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியையும் இழந்தோம். இன்னொன்றும் உண்டு: 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி எதிரிப் படையின் காயம்பட்டவனுக்கும் இதே கைகள் கட்டுப்போட வேண்டும்.

108-க்கு யார் வருவார் என்று சொல்லவே முடியாது. அழைப்புகளில் பெரும்பங்கு கர்ப்பிணிகளுடையது. வண்டியிலேயே பிரசவம் நடப்பதுண்டு. ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு அது. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்க வரும் கூட்டத்தில் முதியவர்களே அதிகம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைச் சித்திரை வீதி நெரிசலிலிருந்து வெளியே எடுத்து, ஆற்றைத் தாண்டி, புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடி, அடுத்த மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஊரே சுற்றிப் போனது. மாரடைப்புக்கும் தலைக்காயத்துக்கும் பத்து நிமிடம் எவ்வளவு பெரியது என்று அப்போது பலருக்கும் உறைத்திருக்கும். சுற்றிலும் நிற்கும் உறவினர்களின் அழுகையையும் கோபத்தையும் வேறு தாங்கிக்கொள்ள வேண்டும். சிப்பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

பணியில் சேர்ந்த பிறகு என்ன என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நர்சிங் அசிஸ்டன்ட் தகுதித் தேர்வுகள் எழுதி வகுப்பு வகுப்பாக மேலேறலாம். வகுப்போடு பொறுப்பும் ஏறும். 108 ஊழியர் அரசு ஊழியரே அல்லர். சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஆள். பணி நிரந்தரமும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு அவர்கள் போராடுவதில் எனக்கு முழு உடன்பாடு. களைத்துப்போன கை நரம்பைத் தேடித் தடுமாறினால் இழப்பு நம் வீட்டுக்குத்தான்.

திருச்சி வட்டாரத்தில் ஓய்வுபெற்ற நர்சிங் அசிஸ்டன்ட்கள் இருக்கிறார்கள். பதினைந்து இருபது வருடம் உயிர் காத்த கைகளை வங்கி வாசலில் காவலுக்கு நிறுத்துவது பெரிய வீணடிப்பு. 108 ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் புத்தூர் மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் மறுபயிற்சி வைத்து, அதில் இவர்களைக் கற்பிக்க அழைக்கலாம். ரத்தப்போக்கை அடக்குவதையும், மணிக்கணக்கில் நோயாளியைத் தாக்குப்பிடிக்க வைப்பதையும் அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். ஓடும் வண்டியில் பிரசவம் பார்ப்பதை 108-இல் வேலை செய்யும் பெண்களிடமிருந்து அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். எல்லைக் காவல் நிலையில் அதைப் பழக அவர்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.