மணலில் அரிச்சுவடி படித்த பாதிரியார்



நம் நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கத்தைப் பேசும்போது 1816ஆம் ஆண்டையும், பினாங்கு இலவசப் பள்ளியையும், அதனை நிறுவிய பாதிரியார் ஹட்சிங்ஸ் அவர்களையும் தவறாமல் குறிப்பிடுகின்றோம். அங்குத் தொடங்கிய தமிழ் வகுப்பை முன்வைத்து 2016இல் இருநூறாம் ஆண்டு விழாவும் எடுத்தோம். கடல் கடந்து வந்த பாதிரிமாருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. அவ்வரலாற்றில் தரங்கம்பாடிக்கு உரிய பக்கம் ஒன்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைப்படி, சீகன்பால்க், புளூட்சோ என்னும் இரு ஜெர்மானிய இளைஞர்கள் 1705 நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனில் கப்பல் ஏறினர். ஏழு மாதங்களுக்கு மேல் நீண்ட பயணம் அது. 1706 ஜூலை 9ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியை அடைந்தனர். தஞ்சை நாயக்க மன்னரின் இசைவோடு 1620ஆம் ஆண்டு முதல் டேனியர் வாணிகம் செய்துவந்த ஊர் அது. மன்னரின் ஆணை கையில் இருந்தும், டேனிய ஆளுநர் அவர்களை முகங்கொடுத்து வரவேற்கவில்லை. சமயப் பணி வாணிகத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் தரப்பின் அச்சம். பின்னாளில் சீகன்பால்க் அதே ஆளுநரால் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைக்கவும் பட்டார்.

வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அகராதியோ, இலக்கண நூலோ கைக்கெட்டவில்லை. ஆகவே உள்ளூர் முதிய ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய திண்ணைப்பள்ளியைத் தாம் தங்கியிருந்த வீட்டிலேயே நடத்தித் தருமாறு கேட்டுக்கொண்டனர். ஊர்ப் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். பல்கலைக்கழகம் கண்டுவந்த பாதிரியாரும் அவர்களோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்திருக்கும்!

அக்காலத் திண்ணைப்பள்ளியின் முறையை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பரப்பிய மணலே முதல் எழுதுபலகை. எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரல் எழுத வேண்டும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. மணலிலோ ஒரு தடவலில் பிழை மறைந்துவிடும். தொடக்கநிலை மாணவனுக்கு இதைவிட இரக்கமுள்ள ஏடு வேறு இல்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அறிந்திருந்த அழகப்பன் என்பவர் துணைக்கு வந்த பிறகே அக்குறை நீங்கியது.

சீகன்பால்க் விரைந்து கற்றார். சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளுடன் பட்டியல் எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பின்னிரண்டும் இன்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒப்புவிக்கும் செய்யுள்கள்தாமே!

பள்ளிகளும் எழுந்தன. பெண்பிள்ளைகளுக்கு 1707லேயே பள்ளி தொடங்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்துக் கற்பித்தனர். 1716இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த எனக்கு இச்செய்தியில் தனி ஈடுபாடு உண்டு. இப்பள்ளிகளில் கிறித்துவ மறைக்கல்வியே முதலிடம் பெற்றது. மதமாற்றமே அவர்கள் வந்த நோக்கம். அதை மறைத்து அவர்களைத் தமிழ்த் தொண்டர்களாக மட்டும் காட்டுவது வரலாறு ஆகாது. அதுபோலவே, அந்நோக்கத்தைக் காரணங்காட்டி அவர்களுடைய தமிழ் உழைப்பைத் தள்ளிவிடுவதும் முறையன்று.

என்னை வருத்துவது வேறொன்று. தமிழருக்கென்று அவர் எழுதியவை விரைவில் அச்சேறின. எழுத்துருக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. தமிழரிடமிருந்து கற்றுக்கொண்டு ஐரோப்பியருக்கென்று எழுதியவற்றின் கதையோ வேறு. தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது, உண்மைதான். பாதிரிமாருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது.

மணல் மட்டும் எப்படியோ கடல் கடந்தது. 1789 முதல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரு பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

சீகன்பால்க் 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்த கொன்றை வேந்தனும் உலகநீதியும் அச்சேறியது 1930இல், ஆம்ஸ்டர்டாம் நகரில்.