காந்தளூர்ச்சாலை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசியும் பருப்பும் வாங்கி, கிள்ளிப்பாலம் கடந்து வலியசாலைக்கு நடக்கும் நம்மவருள் எத்துணைப் பேர், முதலாம் இராசராசன் முதல் வெற்றி பெற்றதாகக் கருதப்பெறும் இடத்தில் நிற்கின்றோம் என்று எண்ணியிருப்பர்? அங்குள்ள மகாதேவர் கோயிலையொட்டியே பழைய காந்தளூர்ச்சாலை இருந்தது என்பர் அறிஞர் பலர். இந்நகரில் ஆசிரியராக இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அதைப்பற்றித் தனி நூலே எழுதினார்கள்.

சாலை என்றது ஈண்டு வழியன்று. உண்டியும் உறையுளும் பெற்று மாணாக்கர் கற்ற கல்விச்சாலை. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து சட்டர்க்குச் சாலை நிறுவியபோது, காந்தளூர் முறைமையையே அதற்கு அளவுகோலாகக் கொண்டான். ஆகவே அதற்கு முன்னரே காந்தளூர் புகழ் பெற்று விளங்கியதென்பது தெளிவு.

985-இல் முடி சூடிய இராசராசனின் நான்காம் ஆட்சியாண்டிலேயே 'காந்தளூர்ச்சாலை கலமறுத்த' என்னும் சிறப்பு அவன் பெயரோடு சேர்ந்துவிடுகிறது. பூசல் எல்லாம் 'கலம்' என்னும் அவ்வொரு சொல்லில்தான். மரக்கலம் என்று கொண்டால் கடற்போர். உண்கலம் என்று கொண்டால் சாலையின் சோற்றுக்கட்டளையைத் திருத்தியமைத்த செயல். அறுத்தல் என்பதற்குத் தீர்த்தல், வரையறுத்தல் என்ற பொருள்களும் உண்டாதலின் பின்னவர் கூற்றையும் எளிதில் தள்ளிவிட இயலாது. வலியசாலையில் கடல் இல்லையே என்று அவர்கள் கேட்பதும் நேரிய வினாவே.

எனினும் நாம் மரக்கலத்தின் பக்கமே நிற்கின்றோம். சோற்றுக்கணக்கைத் திருத்தியதையா ஒரு பேரரசன் தன் கல்வெட்டுக்களின் தலைப்பில் ஆண்டுதோறும் பொறிப்பான்? பேரன் இராசாதிராசனும், பின்னர்க் குலோத்துங்கனும் அதே செயலைத் தமக்கும் உரியதாக்கிக் கொள்வானேன்? கடற்படை அழிந்தும் மீண்டும் தலையெடுக்கும். எனவே மீண்டும் மீண்டும் அழிக்க வேண்டியிருந்தது என்க.

இன்னொன்றும் கருதத்தக்கது. நாஞ்சில் நாட்டில் இராசராசன் கல்வெட்டுக்கள் அவனது எட்டாம் ஆண்டு முதலே கிடைக்கின்றன. நான்காம் ஆண்டிற்கு முன் நிகழ்ந்தது நாடு பிடித்த போராக இருப்பின் இந்த இடைவெளி விளங்காது. கலங்களைத் தாக்கி அழித்து மீண்ட செயலாயின் விளங்கும். கலங்கள் நின்ற துறை எது? தெற்கே சில கல் தொலைவிலுள்ள விழிஞம் என்பதே நம் கருத்து. கடலையே அகழியாகக் கொண்ட அவ்வூரைச் சோழர் தானைத்தலைவன் வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞமும் சாலையும் அடுத்தடுத்தே வருகின்றன. துறையும் சாலையும் ஓரரசின் இரு கைகள் போலும்.

அவ்விழிஞத்தில் 2025 மே மாதம் பெருந்துறைமுகம் முறையாகத் திறக்கப்பெற்று, மலையொத்த கலங்கள் வந்து நிற்கின்றன. வலியசாலையிலோ, கற்றவர் இருந்த இடத்திற்குச் சாலை என்னும் பெயரே எஞ்சியுள்ளது. அதனையும் நம் பிள்ளைகள் வண்டி செல்லும் வழி என்றே பொருள் கொள்கின்றனர்.