இழுவைத் திறன்

இழுவைத் திறன் என்பது, ஓர் ஊர்தி தன் மேல் ஏற்றிய சரக்கைத் தவிர, தனக்குப் பின்னால் கொக்கியில் பூட்டிய டிரெய்லரையும் அதன் பாரத்தையும் ஏற்றத்தில் இழுத்துச் செல்லவும், இறக்கத்தில் கட்டுக்குள் வைத்திருக்கவும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும் கூடிய உச்ச எடையைக் குறிக்கும். இதை எஞ்சினின் குதிரைத்திறனைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது பரவலான பிழை. எஞ்சின், கிளட்ச், கியர்ப்பெட்டி, அச்சு, சேசிஸ், கொக்கி, டயர், பிரேக், சாலை ஆகியவற்றுள் எது மிக நலிந்ததோ அதன் வலுவே ஊர்தியின் இழுவைத் திறனாக அமைகிறது.

எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலை மாவட்டத்தைக் கொண்டால், அங்கு இழுவை புதிய செய்தியன்று. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் அண்ணாமலையார் கோயிலின் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. அவற்றுள் பெரிய தேரை இருபுறமும் நீளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி மக்கள் இழுக்க, அம்மன் தேரைப் பெண்களே இழுக்கின்றனர். வடம் பிடிப்போர் எத்தனை ஆயிரவர் ஆயினும், சக்கரத்தின் முன் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்த சிலர் இல்லாமல் தேர் நகர்வதில்லை. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தியது இதே தேவையை ஒட்டியதாகும். அன்றாட வாழ்வில் இம்மாவட்டத்தின் இழுவைப் பணியைச் செய்வது டிராக்டரே. கரும்பு ஆலைகளுக்குச் செல்லும் டிரெய்லர்கள் பருவம் முழுதும் அதன் கொக்கியில்தான் தொங்குகின்றன. பொலேரோ பிக்கப், தோஸ்த், ‘குட்டியானை’ எனப்படும் டாடா ஏஸ் போன்ற சிறு ஊர்திகள் முதன்மையாகச் சரக்கைத் தம் மேல் சுமப்பதற்கென வடிவமைக்கப்பட்டவை. அவற்றை இழுவைக்குப் பயன்படுத்த முனையும்போதுதான் திறனை உயர்த்தும் கேள்வி எழுகிறது.

இழுவைப் பணியின் பல இடர்களை ஒருசேரக் காட்டிய பயணம் ஒன்று இம்மாவட்டத்திலேயே தொடங்கியது. பெங்களூரு ஈஜிபுராவில் நிறுவுவதற்காக, வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டியெடுத்துப் பகுதியளவு செதுக்கிய கோதண்டராமர் சிலைக்கான ஒற்றைக்கல், 2018 டிசம்பரில் 240 டயர்கள் கொண்ட பெருவண்டியில் புறப்பட்டது. கல்லின் எடையை ஏறத்தாழ 300 டன் எனக் கொண்டாலும், வண்டியின் சொந்த எடை சேராமலே ஒரு டயருக்கு ஒன்றேகால் டன் விழுகிறது. இக்கணக்கு பாரம் எல்லா டயர்களிலும் சமமாகப் பரவும்போது மட்டுமே செல்லும். சாலை ஓரிடத்தில் அமிழ்ந்தால் அருகிலுள்ள டயர்கள் அதன் பங்கையும் ஏற்க நேர்கிறது. தொடக்க நாள்களிலேயே டயர்கள் வெடித்தன. செஞ்சியில் குறுகிய கடைவீதி வழிமறித்தது. திருவண்ணாமலை, செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தை அடைந்த பின்னர், பாலங்கள் அப்பாரத்தைத் தாங்கா என்பதால் மார்க்கண்டேய நதியிலும் தென்பெண்ணையிலும் தற்காலிக மண்பாதை அமைக்க வேண்டியதாயிற்று. சில நாள்களில் கடக்கத்தக்க தொலைவுக்கு ஏறத்தாழ அரையாண்டு பிடித்து, 2019 ஜூனில்தான் கல் பெங்களூருவை அடைந்தது. நெடுந்தாமதங்களுக்குக் காரணமாக நின்றவை டயரும் தெருவும் பாலமும் ஆகும்.

இழுப்பதற்கு வேண்டிய விசையை எளிய கணக்கால் அறியலாம். சமதளத் தார்ச்சாலையில் உருளும் சக்கரத்தின் தடை, மொத்த எடையில் நூற்றில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இருக்கும். அதனால் 5 டன் எடையுள்ள ஊர்தியும் டிரெய்லரும் சேர்ந்து நகர 50 முதல் 75 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். ஆனால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் இதனுடன் 400 கிலோவுக்கு மேல் கூடுதல் விசை தேவைப்படுகிறது. போளூரிலிருந்து சவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையில் சமவெளி ஊர்திகள் திணறுவதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் பிக்கப்களின் இழுவைத் திறனை அறுதியிடும் எஸ்.ஏ.இ. ஜே2807 நெறிமுறையும், அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் கடும் வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழு அளவில் இயக்கியபடி, குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏறிக்காட்டுவதைச் சோதனையாக வைத்துள்ளது.

விசை எவ்வளவு இருப்பினும் அது சாலையைப் பற்றும் டயர் வழியாகவே செயல்பட இயலும். உலர்ந்த தார்ச்சாலையில், இயக்குசக்கரங்களின் மீது விழும் எடையில் ஒரு பங்கே இழுவிசையாக மாறும். ஈரமண்ணில் அது வெகுவாகக் குறைந்து சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கும். உழவர்கள் டிராக்டரின் பின்டயர்களில் தண்ணீர் நிரப்புவதும், பெரும்பாரம் இழுக்கும் வண்டிகளில் வேண்டுமென்றே எடைக்கட்டிகளை ஏற்றுவதும் பிடிப்பைக் கூட்டுவதற்கே ஆகும். டிராக்டரின் முன்பகுதியில் இரும்பெடை மாட்டுவதன் நோக்கம் வேறு. கரும்பு டிரெய்லரை மேட்டில் இழுக்கையில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் திசைதிருப்பும் ஆற்றல் அற்றுப்போகும் என்பதால் அவ்வெடை தேவைப்படுகிறது. கொக்கியைப் பின்னச்சுக்கு மேலாக உயர்த்திப் பொருத்துவது இவ்விபத்தை வலிந்து அழைப்பதாகும். பிக்கப்பின் கொக்கி மீது டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அழுந்த வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். மிகுந்தால் ஊர்தியின் பின்புறம் அமிழ்ந்து முன்டயர்களின் பிடிப்பு தளரும்.

திறனை உயர்த்தும் வழிகளில் பிரேக்குக்கே முதலிடம் உரியது. டிரெய்லருக்குத் தனி பிரேக் பொருத்தி அதை ஊர்தியின் பிரேக்குடன் இணைத்தல், நிற்கும் தொலைவைப் பெரிதும் குறைக்கும். அடுத்தது வெப்பம்: நீண்ட ஏற்றத்தில் எஞ்சினும் கியர் எண்ணெயும் சூடேறுவதால், பெரிய ரேடியேட்டரும் எண்ணெய்க் குளிர்விப்பானும், குறிப்பாக 40 பாகையைக் கடக்கும் கோடையில், இன்றியமையாதவை. மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்றழைக்கும் பின்னச்சுப் பல்சக்கரத் தொகுதியின் விகிதத்தை 3.7இலிருந்து 4.1ஆக மாற்றினால், சக்கரத்தில் கிடைக்கும் திருப்புவிசை ஏறத்தாழப் பதினோரு விழுக்காடு கூடும். அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் அதற்கேற்பக் குறையும். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் மிகப் பரவலான வேலையாயினும், அது ஊர்தி தாழாமல் காக்குமேயன்றி, அச்சையோ சேசிஸையோ வலுப்படுத்துவதில்லை. நிமிர்ந்து நிற்கும் வண்டியைக் கண்டு பாரத்தைக் கூட்டுவதால், இம்மாற்றம் பயனைவிட இடரையே மிகுதியாக விளைவிக்கிறது.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் தெளிவாக உள்ளது. 2018 ஜூலையில் வெளியான ஒன்றிய அரசின் அறிவிக்கை, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 11.5 டன்னையும், டிரெய்லர் இணைத்த ஊர்தியின் மொத்த எடைக்கு 55 டன்னையும் உச்சவரம்பாக வைத்தது. அதற்கு மேற்பட்ட பாரங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக ஊர்தியைத் திருத்துவதைத் தடைசெய்கிறது. 2019 திருத்தத்தின்படி மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கப்படுவதோடு, மிகுந்த சரக்கை இறக்கிய பின்னரே ஊர்தியைத் தொடர்ந்து செலுத்த அனுமதிக்கப்படும்.